சுருள் பட்டையா, கட்டைப் பட்டையா?

சாரல் தொடங்கிவிட்டது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் மிளகு, சுக்கு, பட்டை என்று காரசாரமான கேள்விகளாகவே இருக்கின்றன. இந்த இதழில் பட்டைக்கு மட்டும் இடம். சுக்கும் மிளகும் அடுத்த முறை.

பட்டைப் பொடி ஒரு ஸ்பூன் போட்டு டீ போடுகிறேன். கொழகொழவென்று வருகிறது. அடியில் மண்டி நிற்கிறது, குடித்தால் தொண்டையில் ஒட்டுகிறது. ஆரியங்காவில் உறவினர் வீட்டில் குடித்த பட்டைக் கட்டன், அதாவது பால் விடாத டீ, தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. நான் எங்கே தவறுகிறேன்?
— வாசகி, புளியரை

தவறு பொடியில் இருக்கிறது. பட்டையில் மாவுச்சத்தும் பசைத்தன்மையும் உண்டு. பொடித்த பட்டை கொதிநீரில் விழுந்ததும் அவை ஊறி உப்பிக் கஞ்சிபோல் ஆகிவிடும். துணியில் வடிகட்டினாலும் முழுக்கப் போகாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தடித்த பட்டையின் பொடியில் இந்தக் கொழகொழப்பு இன்னும் கூடுதல். குழம்புக்கும் கேக்குக்கும் பொடி சரி. டீக்கு முழுப் பட்டைதான்.

இரண்டு பேருக்கு அளவு: தண்ணீர் 400 மி.லி., மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும் சுருள் பட்டை விரல் நீளத்துக்கு ஒன்று, அதாவது ஏழெட்டு செ.மீ., சுமார் 3 கிராம். ஒரு தடவை அலசி, கையாலேயே மூன்று நான்கு துண்டாக ஒடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதித்த தண்ணீரில் பட்டையைப் போடுவதைவிட, பட்டையோடு தண்ணீர் மெல்லச் சூடேறுவது நல்லது. உள்ளிருக்கும் சாறு நிதானமாக இறங்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். பத்து நிமிடம் சிறு தீயில், ஓரத்தில் மட்டும் குமிழ் வருகிற மாதிரி இருக்கட்டும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னொரு பத்து நிமிடம் விடுங்கள்.

மூடி கட்டாயம். பட்டையின் மணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது; அந்த எண்ணெயில் பெரும்பங்கு சின்னமால்டிஹைடு. அது நீராவியோடு பறந்துவிடும். அடுப்படி முழுக்க மணக்கிறதென்றால் அவ்வளவும் டம்ளருக்கு வராமல் போன மணம் என்றுதான் அர்த்தம். மூடியைத் திறக்கும்போது அதன் உட்பக்கம் முத்து முத்தாக நிற்கும் நீரைச் சாய்த்துப் பாத்திரத்திலேயே விடுங்கள். அதிலும் மணம் இருக்கிறது.

இறக்கியவுடன் டீ வெளிறித்தான் இருக்கும். நிறம் வரவில்லையே என்று மறுபடி கொதிக்க வைக்காதீர்கள். மூடி வைத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் செம்மை ஏறும். விடாமல் அரை மணி நேரம் கொதித்தால் நிறம் கூடும், ஆனால் மணம் போய்த் துவர்ப்பு நிற்கும். தேயிலையும் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு, பட்டை ஊறும் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் அரை ஸ்பூன் போட்டு வடித்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே போட்டால் தேயிலையின் துவர்ப்பு பட்டையின் இனிப்பை அடித்துவிடும். எலுமிச்சை பிழிவதென்றால் டம்ளரில் ஊற்றிய பின். தேன் விடுவதென்றால் வாய் வைத்துக் குடிக்கிற சூட்டுக்கு வந்த பின்.

பாத்திரம் எவர்சில்வரோ மண்சட்டியோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் போட்டால் பட்டையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து டீ கறுத்துவிடும்.

குமுளியில் பட்டை வாங்கப் போனேன். ஒரே கடையில் இரண்டு வகை. ஒன்றின் விலை மற்றதைப்போல் பல மடங்கு. கடைக்காரர் "இது சிலோன், அது சாதா" என்றார். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, ஏமாற்றா?
— வாசகர், கம்பம்

கடைக்காரர் சொன்னது சரி. இரண்டும் வேறு வேறு மரம். விலை கூடியதுதான் சுருள் பட்டை, சின்னமோமம் வேரம் என்ற மரத்தினுடையது. இலங்கையில் கறுவா என்பது இதைத்தான். விலை குறைந்தது காசியா: சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்து இன மரங்களின் பட்டை. நம் பிரியாணியில் விழுவது பெரும்பாலும் காசியாதான். நம் நாட்டு உணவுத் தர விதிகளிலும் இரண்டுக்கும் தனித்தனி வரையறை உண்டு.

கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு துண்டை எடுத்து முனையைப் பாருங்கள். சுருள் பட்டை என்றால் காகிதம்போல் மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, பீடியின் வெட்டு முனைபோல் உள்ளே நிறைந்திருக்கும். வெளிறிய பழுப்பு நிறம். இரண்டு விரலால் அழுத்தினாலே நொறுங்கும். காசியாவில் ஒரே ஏடுதான், அதுவும் தடித்து இருக்கும். இரண்டு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு நடுவில் வெற்றிடம் தெரியும். கருஞ்சிவப்பு. ஒடிக்கப் பாக்குவெட்டி கேட்கும். நாக்கில் வைத்தால் சுருள் பட்டை மெல்ல இனிக்கும். காசியா சுள்ளென்று காரமாக ஏறும்.

பொடியாக வாங்கினால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் முழுதாக வாங்குங்கள் என்கிறோம். பொடிதான் இருக்கிறது, சோதிக்க வேண்டும் என்றால், சிட்டிகை பொடியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். மாவுச்சத்து அதிகமுள்ள காசியா கருநீலமாகும். சுருள் பட்டையில் மாற்றம் லேசாகத்தான் தெரியும்.

மணத்தையும் விலையையும் விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு: கூமரின். அளவு மீறித் தொடர்ந்து உள்ளே போனால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் பொருள் இது. சுருள் பட்டையில் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுதான். காசியாவில் நிறையவே உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வரம்பு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மி.கிராம். ஜெர்மனியின் உணவு ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் இதைக் கணக்குப் போட்டு, 60 கிலோ எடையுள்ளவர் தினமும் சாப்பிடுவதென்றால் காசியாப் பொடி 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. பொடி போட்டு டீ குடிப்பவர் பொடியையும் சேர்த்தே விழுங்குகிறார் என்பதை நினைவில் வையுங்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தக் கணக்கில் அரை கிராம்தான் வரும்.

எப்போதாவது பிரியாணியில் போடுகிறவர் கவலைப்பட ஒன்றுமில்லை, காசியாவே போதும். தினமும் டீ போட்டுக் குடிக்கிறவர் சுருள் பட்டை வாங்குவதே முறை. அளவு கொஞ்சம் போதும் என்பதால் விலை நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கையைக் கடிக்காது. கையில் காசியாதான் இருக்கிறது என்றால் இரண்டு செ.மீ. துண்டு ஒன்று, 400 மி.லி. தண்ணீர், சிறு தீயில் பதினைந்து நிமிடம். தடித்த பட்டை என்பதால் சாறு இறங்க நேரம் பிடிக்கும்.

பட்டையின் பூர்வீகம் எது? இலங்கை என்கிறார்கள், சீனா என்கிறார்கள், எங்கள் மலையிலேயே உண்டு என்றும் சொல்கிறார்கள்.
— வாசகர், செங்கோட்டை

மூன்றுமே சரி. சுருள் பட்டை மரத்தின் பூர்வீகம் இலங்கை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது இருக்கிறது. காசியா சீனத்து மரம். இரண்டையும் உலகம் நெடுங்காலம் ஒரே பெயரில் கலந்தே விற்றது. தெலுங்கில் 'தால்சின செக்க', இந்தியில் 'தால்சினி' என்கிறார்களே, அது பாரசீகத்து 'தார்சீனி'. சீனத்து மரம் என்றே பொருள். காசியா எந்த வழியாக வந்தது என்பதை அந்தச் சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

பழங்காலத்து மேற்குலகத்துக்கு இது எங்கே விளைகிறது என்றே தெரியாது. அரபு வணிகர்கள் சொல்லவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பெரிய பறவைகள் எங்கிருந்தோ பட்டைக் குச்சிகளைக் கொண்டுவந்து செங்குத்துப் பாறையில் கூடு கட்டுமாம். மக்கள் கீழே பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்களாம். பறவை இறைச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டில் வைக்க, கனம் தாங்காமல் கூடு சரிய, குச்சிகளைப் பொறுக்கிக்கொள்வார்களாம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, இதெல்லாம் விலையை ஏற்றக் கட்டிவிட்ட கதை என்று எழுதிவிட்டார்.

அதே முதல் நூற்றாண்டில், 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க மாலுமிக் குறிப்பு, நம் மேற்குக் கரையின் முசிறியிலிருந்து மிளகோடு 'மாலபத்ரம்' ஏற்றுமதியானதைச் சொல்கிறது. அது பட்டை இன மரத்தின் இலை. பட்டையை எங்கெங்கோ தேடியவர்கள், அதே குடும்பத்து இலையை நம் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போயிருக்கிறார்கள்.

போர்த்துகீசியர் 1505-இல் இலங்கைக்கு வந்த பிறகு பட்டைக்காகவே அங்கே சண்டைகள் நடந்தன. 1658-க்குள் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். அதுவரையிலும், அதற்குப் பிறகு நூறு வருடமும், பட்டை காட்டு மரத்திலிருந்துதான் வந்தது. காட்டுக்குள் போய் உரித்துவந்து கணக்குக் கொடுக்க வேண்டும். அந்த உழைப்பின் சுமை முழுதும் உரிக்கிற சாதியான சலாகம மக்களின் தலையில் விழுந்தது. 1760-களின் இறுதியில்தான் டச்சுக்காரர்கள் தோட்டமாகவே பயிரிடத் தொடங்கினார்கள். கொழும்பில் கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயர் அப்படி வந்தது. 1796-இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பட்டை மீதான ஏகபோகம் 1833-இல்தான் முடிந்தது.

இந்தப் பக்கம், கண்ணூர் மாவட்டம் அஞ்சரக்கண்டியில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மர்டாக் பிரவுன் என்பவரை வைத்துப் பட்டைத் தோட்டம் போட்டது. அதன் பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. 2022 பிப்ரவரியில் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே அது முதல் முறை.

மலையாளிக் கடையில் 'இலவங்கம்' கேட்டால் பட்டையைத் தருகிறார்கள். ஏன்?
— வாசகி, கொல்லங்கோடு

மலையாளத்தில் இலவங்கம் பட்டை மரத்தின் பெயர். கிராம்புக்கு அங்கே 'க்ராம்பூ', 'கரயாம்பூ'. தமிழிலோ இலவங்கம் என்றால் கிராம்பு, இலவங்கப்பட்டை என்றால் பட்டை. ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கம் போனால் 'லவங்கம்' மறுபடி கிராம்பாகிவிடும். எல்லையில் இருப்பவர்கள் கிராம்பு, கறுவப்பட்டை என்றே கேட்டுவிடுங்கள். எந்தக் கடையிலும் குழப்பம் வராது.

எங்கள் வீட்டில் தெரளி மரம் நிற்கிறது. அதன் இலையில்தான் கொழுக்கட்டை அவிப்போம். பட்டை வாசனைதான் அடிக்கிறது. அதன் பட்டையை உரித்து டீ போடலாமா? நல்ல பட்டை மரம் வைக்கவும் ஆசை.
— வாசகி, குலசேகரம்

தெரளி பட்டையின் சொந்தம்தான். சின்னமோமம் மலபாத்ரம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய மரம். மலையாளத்தில் வயண, எடன என்பார்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள்: காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்பு நீளமாக ஓடும். இந்தக் குடும்பத்தின் கையெழுத்து அது. இலையில் மணம் இருக்கிறது. பட்டையில் மணம் குறைவு, கொழகொழப்பு அதிகம். டீக்கு ஆகாது. சுற்றி உரித்துவிட்டால் மரமும் பட்டுப்போகும். கொழுக்கட்டைக்கு இலை கொடுக்கிற மரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். டீ வேண்டுமென்றால் நடுத்தரமாக முற்றிய இரண்டு இலையைக் கிழித்துப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், போதும். காட்டில் யாராவது உரித்துக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் மரத்தை உரிப்பது குற்றம்.

பட்டை மரத்துக்கு உங்கள் ஊர் அருமையான இடம். பக்கத்திலேயே பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பிபிஐ (சி)-1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. கோழிக்கோட்டு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நவஸ்ரீ, நித்யஸ்ரீ ரகங்களும் நல்லவை. விதையில் வளர்ப்பதென்றால் கறுத்துப் பழுத்த கனியைப் பறவை கொத்தும் முன் பறித்து, சதையைக் கழுவி, ஓரிரு நாளில் விதைத்துவிட வேண்டும். காயவைத்து எடுத்துவைத்த விதை முளைக்காது. ஒரு வயதுக் கன்றை ஜூன், ஜூலை மழையில் இரண்டடிக் குழியில் நடுங்கள். ஒன்றுக்கு மேல் வைத்தால் இடைவெளி மூன்று மீட்டர்.

மரமாக வளரவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. முதிர்ந்த அடிமரத்தின் பட்டை தடித்துச் சுரசுரப்பாக இருக்கும், சுருள் வராது. இரண்டு மூன்று வயதில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். அடியிலிருந்து பல போத்துகள் கிளம்பும். நேரானவை நாலைந்தை விட்டு மற்றதைக் கழியுங்கள். பெருவிரல் கனம் வந்து தோல் பச்சை போய்ப் பழுப்பேறினால் வெட்டலாம்.

எப்போது வெட்டுவது என்பதை மரமே சொல்லும். பட்டையின் கொழுந்து செக்கச்செவேலென்று இருக்கும். அது பச்சைக்குத் திரும்பும் சமயத்தில் சாறு ஓடும், பட்டை கழியை விட்டுக் கழலும். கத்தி முனையால் ஓரிடத்தில் கீறிப் பாருங்கள். நெம்பினால் சுத்தமாகப் பெயர்ந்தால் அன்றைக்கே வேலை. பெயராமல் நார் நாராக வந்தால் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தை ஒட்டித்தான் இது அமையும். கோடையில் வெட்டினால் கழியோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும்.

வெட்டிய அன்றே உரிக்க வேண்டும். முதலில் மேல்தோலைச் சுரண்டி எடுங்கள், விட்டால் கசக்கும். பிறகு பித்தளைக் கம்பியால் கழி முழுக்க அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்பட்டை இளகுவது அதில்தான். எதிரெதிரே இரண்டு நீளக் கீறல் போட்டு, வளைந்த கத்தியை உள்ளே விட்டு நகர்த்தினால் இரண்டு ஓடாகக் கழன்று வரும். நல்ல ஓட்டுக்குள் சின்னத் துணுக்குகளை அடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துங்கள். முதல் நாளே வெயிலில் போட்டால் சுருளாமல் முறுக்கிக்கொள்ளும். நான்கைந்து நாள் நிழலில் காய்ந்தபின் லேசான வெயில் போதும். இலங்கைக்காரர்கள் இப்படிச் செய்த சுருளில் 6 மி.மீ. குறுக்களவுக்கு மேற்படாத மெலிந்ததை 'ஆல்பா' என்று தலைசிறந்த தரமாக வைக்கிறார்கள். வீட்டுக்கு அந்த மெலிவு வராது, மணம் வரும்.

பட்டையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிப் பால் டீ போட்டால் திரிந்துவிடுகிறது. பட்டைதான் காரணமா?
— வாசகர், போடிநாயக்கனூர்

பட்டைமீது பழி போடாதீர்கள். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உறையவைக்கும் நொதி உண்டு. பாலில் நேராகப் போட்டால் திரியும். தண்ணீரில் நன்றாகக் கொதித்துவிட்டால் அதன் வேகம் அடங்கிவிடும். இரண்டாவது குற்றவாளி கருப்பட்டி. பழைய கருப்பட்டியில் புளிப்பு ஏறியிருக்கும். கொதிக்கிற பாலில் பட்டதும் திரித்துவிடும். பட்டையையும் இஞ்சியையும் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தேயிலை போட்டு வடியுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி ஊற்றுங்கள். கருப்பட்டியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து மண் போக வடிகட்டி வைத்துக்கொண்டு, எல்லாம் அடுப்பைவிட்டு இறங்கியபின் கடைசியாகச் சேருங்கள்.

பட்டை டீ குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று என் நாத்தனார் மாத்திரையை நிறுத்திவிட்டார். அது சரியா?
— வாசகி, மார்த்தாண்டம்

சரியில்லை. இன்றைக்கே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பட்டையால் சர்க்கரை குறைகிறதா என்று நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றைத் தொகுத்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. மாத்திரைக்குப் பதிலாகப் பட்டை ஒருநாளும் ஆகாது. அவர் குடிப்பது காசியாப் பொடி என்றால் மேலே சொன்ன கூமரின் வேறு தினமும் சேருகிறது. ஈரல் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தினப்படி வழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை போடாமல் குடிக்கிறார் என்றால் அந்தப் பழக்கம் மட்டும் நல்லது.

மூணாறில் குளிர். காலையில் போட்டுப் பிளாஸ்கில் வைத்தால் மாலையில் கசக்கிறது. ஒருமுறை போட்ட பட்டையை மறுபடி போடலாமா?
— வாசகர், மூணாறு

பட்டையோடு பிளாஸ்கில் ஊற்றினால் கசக்கத்தான் செய்யும். வடித்து ஊற்றுங்கள். சுருள் பட்டையை அதே நாளில் இன்னொரு முறை போடலாம், தண்ணீரைப் பாதியாக்கி. மறுநாளைக்கு வைக்காதீர்கள், ஈரப்பட்டை பூசணம் பிடிக்கும். உங்கள் உயரத்தில், சுமார் 1,500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் மேலே சொன்ன, சிறு தீயில் வைக்கும் பத்து நிமிடத்தைப் பன்னிரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை டப்பாவை அடுப்பு மேடையில் வைக்காமல், இறுக மூடும் கண்ணாடி ஜாடியில் அலமாரிக்குள் வையுங்கள்.